சேற்றுப் பட்டுக்குள் ஒரு மதியம்

இரண்டு கைகளும் தலைக்கு மேலே. தலை துணிக்குள்ளே. இடுப்புக்குக் கீழே உள்பாவாடை மட்டும். கரண்ட் போய் மின்விசிறி நின்றுவிட்டிருந்தது. கத்திரி வெயில் காலத்து மதியம்.

இந்தக் கோலத்தில், மதாம் தெரேஸின் படுக்கையறை நடுவே நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். என்னிடம் விடுப்பு கேட்கப் பயந்த யாரும் அப்போது ஜன்னல் பக்கம் வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"மதாம், இழுங்க."

"இழுத்துக்கினுதான் இருக்கேன். வரமாட்டேங்குது."

"கொஞ்சம் பலமா இழுங்க."

"பலமா இழுத்தா கிழிஞ்சிடும் வசந்தா. எழுவது வருஷத்துக்கு மேலான துணி."

"அப்ப மெதுவா இழுங்க."

"மெதுவா இழுத்தா எப்டி வரும்?"

 பதில் சொல்லலாமென்றால் வாய்க்கு நேரே துணி.

என் வலது தோள்பட்டை பல மாதங்களாக இறுகிப் போயிருந்தது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. பிசியோதெரபி பெண் கெஞ்சியும் மிரட்டியும் தூக்கவைக்க முடியாத அந்தக் கையை, சீனத்துப் பழைய உடுப்பு ஒன்று ஒரே இழுப்பில் தூக்கிவிட்டது. இறக்கத்தான் வழியில்லை.

நானே கேட்டு வாங்கிய வம்பு

மதாம் தெரேஸ் எனக்குப் பழக்கமானதும் அந்த பிசியோதெரபி வரிசையில்தான். எனக்குத் தோள், அவருக்கு இடுப்பு. எண்பதைத் தாண்டியவர். வியட்நாமின் சைகோனில் பிறந்து, சிறுமியாகப் புதுச்சேரிக்கு வந்தவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் பாதி வாழ்க்கை பிரான்சில். பென்ஷனோடு இருவரும் ஊருக்கே திரும்பினார்கள். கணவர் காலமான பிறகு, குருசுக்குப்பம் போகும் பாதையில் உள்ள சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகள் கொலெத், பிரான்சில்.

வரிசையில் பேசுவது நான். கேட்பது அவர். என் மாமியார் கதை, அலுவலகக் கதை, இந்தப் பத்திரிகைத் தொடரில் நான் எழுதுவதாக இருந்து ஆசிரியர் வேண்டாமென்று சொன்ன கதை, எல்லாம் கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி நான் எதுவும் கேட்டதில்லை. நான் மூச்சு விட்டால்தானே அவர் பேச?

ஒருநாள் அவரே சொன்னார்.

"வூட்ல ஒரு பழைய சீனா உடுப்பு இருக்கு. சைகோன்லேர்ந்து வந்தது. கொலெத் அங்க ஏதோ மியூசியத்துல பேசி வெச்சிருக்கா. அவங்களுக்குப் போட்டோ வேணுமாம். படுக்கையில விரிச்சு எடுத்தா அது எப்டி நிக்கும்னு தெரியாதாம். யாராவது போட்டுக்கினு நிக்கணுமாம். அலோர், அதனால, அளவா ஒரு சின்னப் பொண்ணு இருந்தா..."

"நான் போடுறேன்" என்றேன்.

மதாம் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். மரியாதை தெரிந்த பெண்மணி, ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தின்போது என் இடுப்பளவு என்னவோ, அதுவே இன்னும் என் மனத்தில் இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது யாரோ உறவுக்காரி.

குடைத்துணி

துணி விஷயத்தில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அப்பா முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட நூல் நம்பரும் நெசவும் பேசுவார். நீலச்சாயம் தோய்த்த துணி இந்த ஊரிலிருந்து கப்பல் கப்பலாகப் போன கதையை, தானே ஏற்றி அனுப்பியதுபோலச் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்த நான், கடைகளில் சேலையை விரலால் தேய்த்து "இது கலப்படம்" என்று சொல்லி விற்பனைப் பெண்களைக் கலங்கடிப்பவள்.

உடுப்பைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போன அன்று, மதாம் அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மூட்டையை எடுத்து, கட்டில்மேல் பிரித்தார். உள்ளே கருப்பாக, வழுவழுவென்று ஒன்று. வழக்கம்போல் விரலால் தேய்த்தேன்.

"குடைத்துணி" என்று தீர்ப்பளித்தேன். "மேலே ஏதோ பூசியிருக்காங்க. மழைக்கோட்டா?"

"பட்டு" என்றார் மதாம்.

"இதுவா?"

ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் செம்பழுப்பு, காய்ச்சின வெல்லப்பாகின் நிறம். தென்சீனத்தில் பட்டை ஒருவகைக் கிழங்குச் சாற்றில் முக்கி வெயிலில் காயவைப்பார்களாம். மறுபடி முக்குவது, மறுபடி காயவைப்பது. கடைசியில் ஒரு பக்கம் மட்டும் ஆற்றுச் சேற்றைப் பூசி, புல்தரையில் கிடத்தி, பிறகு அலசினால் சேறு பட்ட பக்கம் இப்படிக் கருத்துப் பளபளக்குமாம். வேர்வை ஒட்டாது. உடம்புக்குக் குளிர்ச்சி. புதுசில் நடக்கும்போது காய்ந்த வாழைச்சருகு மாதிரி சத்தம் வருமாம்.

வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடிப் படித்தேன். உடுப்பின் பெயர் சியோங்சாம். கான்டன் பக்கத்துப் பேச்சில் 'நீள அங்கி' என்று பொருள். வடக்கே சிப்பாவ் என்பார்கள். அதன் மூலத்தை மஞ்சூ மக்களின் அங்கிவரை கொண்டுபோகிறவர்கள் உண்டு. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த பெண்கள், ஆண்கள் போடுகிற மாதிரி ஒரே துணியிலான அங்கியைப் போட ஆரம்பித்தார்கள். அப்போது அது மணிபோலத் தொளதொளவென்று இருந்தது. பிறகு ஷாங்காய் தையல்காரர்கள் கையில் அகப்பட்டு மெலியத் தொடங்கியது. கழுத்துப்பட்டை ஏறியது, இறங்கியது. கை குறைந்தது. பக்கவாட்டுப் பிளவு ஒரு வருடம் முழங்காலுக்கு மேலே, இன்னொரு வருடம் கீழே. சீனாவில் அரசு மாறியதும் பல தையல்காரர்கள் ஹாங்காங் பக்கம் போனார்கள். சீனர்கள் வாழ்ந்த ஊர்களிலெல்லாம் அந்த உடுப்பும் இருந்தது. சைகோனை ஒட்டிய சோலோன் முழுக்கச் சீனர்கள்தான்.

இதையெல்லாம் மறுநாள் மதாமிடமே பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, ஆளுக்கு இரண்டு நேம் சுருள் பொரித்துக் கொடுத்தார். சைகோன் குடும்பங்களில் நம் வீட்டு வடைபோல அது.

பின்பக்கம் மட்டும்

போட்டோ எடுக்கக் குறித்த நாளில் நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மூன்று நாள் பட்டினி கிடந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த உடுப்பில் ஜிப் கிடையாது. கழுத்திலிருந்து சரிந்து வலது அக்குள்வரை ஒரு திறப்பு, அங்கிருந்து பக்கவாட்டில் இடுப்புவரை. பொத்தான் என்று தனியாக எதுவும் இல்லை. அதே துணியை மெல்லிய நாடாவாக மடித்துத் தைத்து, அதையே முடிச்சுப் போட்டு மல்லிகை மொட்டு அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். எதிரே நாடாவிலேயே ஒரு வளையம். ஓரம் முழுக்கத் துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, தீக்குச்சி கனத்தில் செம்பழுப்பு விளிம்பு. தையல் எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை.

தலைவழியாக மாட்டினோம். கழுத்து முடிச்சு போடவே வரவில்லை. அக்குள் முடிச்சுகளை மதாம் எப்படியோ போட்டார். இடுப்புப் பக்கம் திறந்து கிடந்ததை நான் கையால் மூடிக்கொண்டேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, திருவிழாவில் வளையம் விழக் காத்திருக்கும் பொம்மை மாதிரி நின்றேன்.

மதாம் போனில் முன்பக்கம் ஒரு படம் எடுத்தார். பார்த்தார். எனக்குக் காட்டாமல் அழித்தார்.

"திரும்பி நில்லு."

திரும்பினேன். கொண்டையை மேலே தூக்கச் சொன்னார். இடது கையால் தூக்கிப் பிடித்தேன். கிளிக் சத்தம் வரவில்லை. போனில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"மதாம், எடுத்தாச்சா? எனக்கு மூச்சு முட்டுது."

"ம்" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "முன்னாடி பாக்காத வரைக்கும், எங்க அம்மா நிக்கிற மாதிரியே இருக்கு."

அப்போதுதான் கரண்ட் போனது. கழற்றலாம் என்று ஆரம்பித்தோம். மார்புவரை வந்த உடுப்பு தோளில் போய் நின்றுகொண்டது. மிச்சத்தைத்தான் முதலில் சொன்னேன்.

துணிக்குள் கேட்டது

"மதாம், கத்திரிக்கோல் எடுங்க. தையல்ல வெட்டிடுங்க" என்றேன், துணிக்குள்ளிருந்து.

"கொஞ்ச நேரம் அப்டியே நில்லு. எனக்கு இடுப்பு வலிக்குது. உக்காந்துட்டு இழுக்கிறேன்."

கட்டில் கிறீச்சிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பழுப்பு இருட்டு. கற்பூரமும் பழைய அலமாரியும் கலந்த வாசனை. மூக்கு நுனி அரித்தது.

"அது கடையில வாங்கினது இல்ல" என்றார் மதாம்.

நான் வாயைத் திறந்தேன். துணி வாய்க்குள் போனது. மூடிக்கொண்டேன்.

"கொலெத் கிட்ட, எங்க வூட்டுக்காரர் கிட்ட, எல்லார்கிட்டயும் கடையில வாங்கினதுன்னுதான் சொல்லியிருக்கேன். அப்பா ஆசைக்கு வாங்கியாந்ததுன்னு. இல்ல. அது எங்க அம்மாவோடது. எங்க அம்மா சீனாக்காரி, வசந்தா. சோலோன்ல பொறந்தவ. எங்க தாத்தா அங்க தையல்காரரு."

முகம் தெரியாத ஒருத்தியிடம் பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். மாதா கோயிலில் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தட்டிக்குப் பின்னால் சாமியார் இருப்பதுபோல நான் இருந்தேன். என்ன, சாமியாருக்குக் கைகள் கீழே இருக்கும்.

அவர் சொன்னது இதுதான். அப்பா புதுச்சேரிக்காரர், சோலோனில் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். தையல் கடைக்குப் போன இடத்தில் அம்மாவைப் பார்த்தார். தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தெரேஸ் பிறந்தபோதும் வந்து பார்க்கவில்லை. ஒரே ஊர், பக்கத்துப் பக்கத்துத் தெரு. கடைத்தெருவில் எதிரெதிரே வந்தால் அவர் மறுபக்கம் மாறிப் போய்விடுவார்.

சில வருடங்கள் கழித்து, எல்லோரும் புதுச்சேரிக்குக் கிளம்புவது என்று ஆனது. கப்பல் ஏறுவதற்கு முதல் நாள், தாத்தாவின் கடையில் வேலை செய்யும் அம்மாள் ஒருத்தி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்தால் இந்த உடுப்பு.

"சியோங்சாம் தைக்கணும்னா ஒடம்புல எடுக்காத அளவே கெடையாது. கழுத்துக்கு முன்னாடி, பின்னாடி, தோள் எறக்கம், உக்காந்தா எவ்ளோ, நின்னா எவ்ளோ. எங்க அம்மாவுக்கு யாரும் அளவு எடுக்கல. அம்மா அதைப் போட்டுப் பார்த்தாங்க. ஒரு நூல் கூடக் கொறைய இல்ல. தாத்தா தெருவுல அந்தப் பக்கம் போறப்பல்லாம் பாத்திருக்காரு. கண்ணாலயே அளந்திருக்காரு."

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"அதைப் போட்டுக்கினுதான் அம்மா இங்க எறங்குனாங்க. கப்பல் தூரத்துலயே நின்னுடும். படகுல கரைக்கு வரணும். கரையில எங்க அத்தைங்க நின்னாங்க. ஒருத்தரும் திட்டல. மறுநாள் காலையில பெரியத்தை ஒரு சேலையைக் கொண்டாந்து கட்டில் மேல வெச்சுட்டுப் போனாங்க. அவ்ளோதான். அம்மா சேலை கட்டக் கத்துக்கினாங்க. தமிழ் கத்துக்கினாங்க. மீன்கொழம்பு கத்துக்கினாங்க. இதை அப்புறம் போடவே இல்ல. மழை முடிஞ்சதும் பின்கட்டு நெழல்ல காத்தாட விரிப்பாங்க. யாராச்சும் கேட்டா கடையில வாங்கினதுன்னு சொல்லுன்னு எங்கிட்ட சொன்னாங்க. நான் அப்டியே சொல்லிக்கினு வந்துட்டேன். அம்மா போயி, கொலெத் பொறந்து, அவளும் பெரியவளாயி... சொல்லலாம்னு நெனைப்பேன். எப்டி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

நான் பார்த்ததையெல்லாம் கூர்ந்து எழுதுகிறவள் என்று வாசகர்கள் சிலர் பாராட்டுவதுண்டு. மதாமின் கண்களைப் பல மாதங்களாக எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயதானதால் சுருங்கிவிட்டன என்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான் என் கூர்மை.

இன்னொன்றும் தோன்றியது. அத்தனை மாதங்களில் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டது அன்றுதான். அதற்கு என் வாயில் துணி அடைபட வேண்டியிருந்தது.

தையல் விட்டது

கரண்ட் வந்தது. மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"மண்டி போடு. தலையைக் குனிஞ்சு எம் மடியில வை" என்றார் மதாம்.

மண்டி போட்டேன். முழங்காலும் பழுதுதான், ஆனால் புகார் சொல்லும் நிலையில் இல்லை. அவர் உட்கார்ந்தபடியே விளிம்பைச் சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் இழுத்தார். ஒரு பக்கத் தோள் வெளியே வந்தது. அப்புறம் அடுத்தது. 'பட்'டென்று ஒரு சத்தம். நான் மதாம் மடியில் குப்புற விழுந்தேன்.

"கிழிஞ்சிடுச்சா?" தலையைத் தூக்கவே பயமாக இருந்தது.

மதாம் அக்குள் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தையல் விட்டிருந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை உள்ளே விட்டு விரல்களை வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தலை கலைந்து, முகமெல்லாம் வேர்த்து, உள்பாவாடையோடு தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு கூடியது. "மோன் தியே, மோன் தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தவர், அப்படியே அழுதார். நான் சேலையைக் கட்டிக்கொண்டு போய் காபி போட்டேன்.

கொலெத்தின் கேள்வி

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டார். போனை அவர் முகத்துக்கு நேரே நான்தான் பிடித்துக்கொண்டேன். பேச்சு முழுக்க பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு தெருப்பலகைகளோடு சரி. 'மா மேர்', என் அம்மா, என்று அவர் ஆரம்பித்ததும், 'சினுவாஸ்', சீனாக்காரி, என்று சொன்னதும் மட்டும் புரிந்தது.

திரையில் கொலெத் அசையாமல் இருந்தார். இணைப்பு நின்றுவிட்டது என்று நினைத்து நான் போனைத் தட்டினேன். நிற்கவில்லை.

பிறகு, நான் இருப்பதைப் பார்த்தோ என்னவோ, கொலெத் தமிழில் கேட்டார். சிறுவயதில் அம்மாவிடம் கற்ற தமிழ், அம்மா என்பதற்கு மட்டும் பிரெஞ்சு.

"மாமோன், அவங்க பேரு என்னா?"

பாட்டியின் பெயராகக் கொலெத்துக்குத் தெரிந்தது மரி லூயிஸ். பார்த்திருப்பது ஒரே ஒரு படம், சேலை கட்டி, முந்தானை தலைமேல் இருக்க, முகம் பாதி நிழலில். சைகோனிலிருந்து வந்த தமிழ்ப் பெண் என்றே நினைத்திருக்கிறார்.

 மதாம் வாயைத் திறந்து மூடினார். பிறகு சொன்னார்.

"யுக் லான்."

அது வெறும் பெயர் இல்லை, ஒரு சின்ன ராகம். முதல் சொல் அடியில் விழுந்து, இரண்டாவது அதற்கும் கீழே வழுக்கிப் போனது. கொலெத் சொல்லிப் பார்த்தார். மதாம் திருத்தினார். மறுபடி சொன்னார். நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நீ சொல்லாத" என்றார் மதாம். "நீ சொல்றது மீன்காரம்மா சொன்ன மாதிரி இருக்கு. அவங்க எங்க அம்மாவை யோகம்மான்னுதான் கூப்புடுவாங்க."

கொலெத் அழுதுகொண்டே சிரித்தார். உடுப்பை யாருக்கும் தரக் கூடாது, தனக்கே வேண்டும் என்றார். மதாம் கேட்கவில்லை.

"குடுத்துடலாம். அலமாரியில இருந்தது போதும். நாலு பேரு பாக்கட்டும். ஆனா கடையில வாங்கினதுன்னு போடக் கூடாது. தச்சவர் யாரு, போட்டவ யாருன்னு போடணும்."

மியூசியத்துக்குப் போனது என் முதுகுப் படம். உலகத்துக்கு நான் காட்டிய முகங்களில் அதுவே சிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

கல்லறைத் திருநாள்

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாளுக்காகக் கொலெத் வந்தார். நல்ல உயரம், அகலமான தோள். அந்த உடுப்பைப் போட்டுப் பார்க்க முயலவில்லை. என் கதையைக் கேட்டிருந்தார் போல. மடியில் விரித்துவைத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டார், கழற்றினார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். விட்டுப்போன தையலை மதாம் தைக்கவிடவில்லை. "அப்டியே போவட்டும்" என்றார்.

திருநாளுக்கு முன்தினம் மூவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எங்கும் சுண்ணாம்பு வாசனையும் சாமந்தியும். குடும்பம் குடும்பமாகச் சிலுவைகளைக் கழுவி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மதாமின் பெற்றோர் கல்லறை சுவரோரம் இருந்தது. கல்லில் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே கொஞ்சம் இடம்விட்டு மரி லூயிஸ்.

அம்மாவின் சொந்தப் பெயரையும் சேர்க்க, எழுத்து வெட்டுகிறவரை ஏற்பாடு செய்தது நான். வெட்ட வேண்டிய எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்ததும் நான்தான், அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளில் பிழை கண்டுபிடித்த கை. மதாம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, என் பேனாவையும் வாங்கி, நான் 'லேன்' என்று எழுதியிருந்ததை அடித்து 'லான்' என்று எழுதினார்.

வெட்டுகிறவர் தாளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"இது வூட்டுல செல்லமா கூப்புடுற பேருங்களா? செல்லப்பேருன்னா கீழ சின்னதா போடலாம்."

மதாம் கைத்தடியை ஊன்றி ஓரடி முன்னால் வந்தார்.

"இல்லப்பா. இதான் பேரு. கீழ இருக்கிறது இங்க வந்தப்புறம் வெச்சது. நீ மேல போடு. பெருசா போடு."

வெட்டுகிறவர் உளியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு பெயர்களுக்கும் நடுவில் இருந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, முதல் எழுத்து வெட்டி முடியும்வரை மதாம் நின்றபடியே பார்த்தார்.